கை தூக்கக் கூடாதவர்கள்

"நான் இருக்கேன்ல அண்ணி, எல்லாம் நல்லபடியா முடியும்" என்று போன வாரம் மாடிப்படியில் நின்று சின்னவன் சொன்னான் அல்லவா? அந்த "நான் இருக்கேன்ல"வை நம்பித்தான் கேப்டன் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நம்பினாள் பாருங்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டில் எல்லோரும் அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர்கூட அப்படித்தான். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். அவருடைய தம்பிதான் சின்னவன், மனைவியோடு மாடியில் குடியிருக்கிறான். அவனும் விமானிதான், ஆனால் இன்னும் கோ-பைலட். சின்னவனுக்கு வேலை பெரிய கம்பெனியில், பெரியவர் பெண்டாட்டிக்கு வேலை சின்ன கம்பெனியில் என்று சொல்லிச் சொல்லி இந்த வீட்டில் பல வருஷம் சிரித்திருக்கிறார்கள்.

பெரிய கம்பெனி சின்ன கம்பெனியை வாங்கிய அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது. சீருடை மாறியது. விமானத்தின் வாலில் இருந்த படம் மாறியது. சின்ன கம்பெனி விமானிகளுக்கு என்று இருந்த சங்கத்தைக் கலைத்தார்கள். "இனிமே ஒரே கம்பெனி, ஒரே சங்கம்" என்றார்கள். புதுச் சங்கத்துக்கான சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்க மட்டும் ஒரு மாதமும் மறக்கவில்லை.

மிச்சம் இருந்தது பட்டியல். விமானிகளின் வாழ்க்கையே அந்தப் பட்டியலில் இருக்கிறது. யார் மூத்தவர், யார் இளையவர் என்று வரிசையாகப் பெயர் எழுதுவார்கள். யாருக்குக் கேப்டனின் இடது பக்க நாற்காலி, யாருக்கு லீவு, ஆள்குறைப்பு வந்தால் யார் முதலில் வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த வரிசைதான். இரண்டு கம்பெனி வரிசையையும் எப்படிக் கலப்பது? வேலையில் சேர்ந்த தேதிப்படி கலக்க வேண்டும் என்றார்கள் சின்ன கம்பெனிக்காரர்கள். பெரிய கம்பெனியிலோ ஒரு கூட்டம், "எங்க ஆளுங்க எல்லாரும் மேல, வந்தவங்க எல்லாரும் கீழ" என்றது. அப்படி நடந்தால், குட்டை ரன்வேயிலும் கொட்டுகிற மழையிலும் விமானத்தை இறக்கிப் பழகிய நம் கேப்டன் வலது பக்க நாற்காலிக்குப் போக வேண்டும். அவள் கேப்டன் ஆன பிறகு விமானம் ஓட்டப் படித்தவர்களுக்குக் கோ-பைலட்டாக!

சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்வதாக ஏற்பாடு. சின்ன கம்பெனி விமானிகள் தங்கள் சார்பில் பேசக் கேப்டனைத்தான் பிரதிநிதியாக வைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் சங்கச் செயலாளர் யார்? சாட்சாத் நம் சின்னவன்.

"கூட்டத்துல கத்தாத" என்றார் வாத்தியார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

"நான் எதுக்குக் கத்தப் போறேன்? பேசத்தான் போறேன்."

"நீ பேசினாலே கத்தற மாதிரிதான் இருக்கும்."

"வகுப்பு மொத்தமும் தூங்கினாலும் அதே குரல்ல பாடம் நடத்தற ஆளுக்கு அப்படித்தான் இருக்கும்."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டேதான் கார் சாவியை எடுத்தாள். மாடியில் சின்னவன் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தது கீழே வரை கேட்டது.

சங்கத்தின் மண்டபம் விமான நிலையத்துக்குப் பின்னால், சரக்குக் கிடங்குகளை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு மேஜை. சங்க அலுவலகத்துப் பெண் ஒருத்தி கம்ப்யூட்டரில் பெயரைப் பார்த்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டை கொடுத்துக்கொண்டிருந்தாள். சிலருக்குப் பச்சை, சிலருக்கு வெள்ளை. கேப்டனிடம் வெள்ளையை நீட்டினாள்.

"பச்சை யாருக்கும்மா?"

"உறுப்பினர்களுக்கு மேடம்."

"அப்ப நாங்க உறுப்பினர் இல்லையா?"

"நீங்களும் உறுப்பினர்தான் மேடம்" என்று அந்தப் பெண் திரையைப் பார்த்துப் படித்தாள். "ஓட்டு இல்லாத உறுப்பினர்."

பின்னால் நின்ற தாடி, "றெக்கை இல்லாத விமானம்னு சொல்லு" என்றான். தாடி சின்ன கம்பெனி ஆள், கேப்டனோடு பல வருஷம் பறந்தவன். முகத்தில் தாடி கிடையாது. ஆக்ஸிஜன் முகமூடி கன்னத்தோடு ஒட்ட வேண்டும் என்று விமானிகள் தாடி வைக்கக் கூடாது. இவன் லீவு கிடைத்தால் போதும், முதல் நாளிலிருந்தே வளர்க்க ஆரம்பித்து, வேலைக்குத் திரும்பும் அன்று அழாத குறையாகச் சவரம் செய்துகொண்டு வருவான். அதனால் அந்தப் பெயர்.

"நேத்து வரைக்கும் எல்லாருக்கும் பச்சைன்னுதானேக்கா சொன்னாங்க?"

"யாரும்மா இப்படி மாத்தச் சொன்னது?" என்று கேட்டாள் கேப்டன்.

"செயலாளர் சார்."

கேப்டனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் ஏதோ குளறுபடியாக இருக்கும், சின்னவனிடம் கேட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தாள். வீட்டு மனுஷன் ஆயிற்றே!

உள்ளே கடைசி நான்கு வரிசையைச் சுற்றி நாடா கட்டியிருந்தார்கள். வெள்ளை அட்டைகள் அந்த நாடாவுக்குள் உட்கார வேண்டுமாம். மழையில் நனைந்து வந்த மூட்டைகளை ஓரமாக அடுக்கி வைக்கிற மாதிரி எல்லோரையும் அங்கே அடுக்கினார்கள். மேடையில் தலைவரும், அவர் பக்கத்தில் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் சின்னவனும் இருந்தார்கள். அவள் கையசைத்தாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதில் மும்முரமாகிவிட்டான்.

பிறகு எழுந்து மைக்கைப் பிடித்தான்.

"தோழர்களே, முதல் தீர்மானம். பட்டியல் முடிவாகிற வரைக்கும், இணைந்த கம்பெனி விமானிகளுக்கு உறுப்பினர் அந்தஸ்து உண்டு, ஓட்டு கிடையாது. இது நாங்களா எடுத்த முடிவுன்னு யாரும் நினைக்கக் கூடாது. அவங்க பிரதிநிதிகிட்ட பேசி, அவங்க ஒத்துக்கிட்ட பிறகுதான் கொண்டு வர்றோம்."

நாடாவுக்குள் இருந்த அத்தனை தலைகளும் கேப்டன் பக்கம் திரும்பின. தாடி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விட அவன் நாலு அறை அறைந்திருக்கலாம்.

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. அப்புறம் புதன்கிழமை ஞாபகம் வந்தது.

புதன்கிழமை சின்னவன் வெளியூர் ஹோட்டலிலிருந்து போன் பண்ணினான். அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வாத்தியார் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். "அண்ணி, இங்க இப்படி ஒரு பேச்சு ஓடுது" என்றான் சின்னவன். "பட்டியல் முடியற வரைக்கும் உங்க ஆளுங்க உறுப்பினர், ஓட்டு கிடையாது, கூட்டத்துக்கு வரலாம், கை தூக்கக் கூடாது."

"பட்டியல் முடியற வரைக்கும் உறுப்பினர், ஓட்டு கிடையாது, கூட்டத்துக்கு வரலாம், கை தூக்கக் கூடாது" என்றாள் அவள்.

"சரியா இருக்கு அண்ணி" என்று போனை வைத்துவிட்டான். கூட்டத்தில் இப்படி ஒரு அக்கிரமத்தைக் கிளப்பப் போகிறார்கள், நம்மை உஷார்ப்படுத்துகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

ஏன் திருப்பிச் சொன்னாள்? பழக்கதோஷம். கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, அவர்கள் பாஷையில் டவரிலிருந்து, என்ன சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகக் காதில் விழுந்ததா என்று டவர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். இத்தனை வருஷத்தில் அது அவள் நாக்கிலேயே ஊறிவிட்டது. கடையில் "அரைக் கிலோ சர்க்கரை, கால் கிலோ பருப்பு" என்று கடைக்காரர் சொன்னால், இவளும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் பையை வாங்குவாள். அது சின்னவனுக்கும் தெரியும், அவனுக்கும் அதே வியாதிதான். தெரிந்துதான் செய்திருக்கிறான், படுபாவி.

கேப்டன் நாடாவைத் தூக்கிவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"

"புதன்கிழமை அண்..." அந்த வாய் "அண்ணி" என்று ஆரம்பித்துப் பாதியில் திருத்திக்கொண்டது. "புதன்கிழமை, கேப்டன். நான் வரி வரியா சொன்னேன். நீங்க வரி வரியா திருப்பிச் சொன்னீங்க."

"திருப்பிச் சொன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தமா?"

"நம்ம தொழில்ல அதுதானே அர்த்தம்?" அவன் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, மண்டபத்தைப் பார்த்துச் சொன்னான். "டவர் ஒண்ணு சொல்லுது. நம்மால செய்ய முடியும்னா திருப்பிச் சொல்றோம். முடியாதுன்னா 'முடியாது'ன்னு சொல்றோம். முடியாதுன்னு சொல்லாம திருப்பி மட்டும் சொல்லிட்டு, அப்புறம் நான் ஒத்துக்கலன்னு எந்தக் கேப்டனாவது சொல்ல முடியுமா?"

மண்டபத்தில் தலைகள் ஆடின. அத்தனையும் விமானிகளின் தலைகள். அந்த விதி அவர்கள் ஒவ்வொருவருக்கும் தாய்ப்பால் மாதிரி.

தலைவர் கேட்டார்: "கேப்டன், நீங்க 'முடியாது'ன்னு சொன்னீங்களா?"

"சொல்லல."

உண்மையைச் சொல்லிவிட்டு அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் மேல் ஒரு பங்கு கோபம் என்றால் தன் மேல் இரண்டு பங்கு. அந்தக் கோபம்தான் அவளைப் பேச வைத்தது.

"டவர் சொன்னா நான் கேள்வி கேக்காம திருப்பிச் சொல்வேன். ஏன்னா டவர்ல உக்காந்திருக்கறவர் என் நாற்காலிக்கு ஆசைப்படல. நீ என்ன டவரா? எங்க வீட்டு சமையலறை என்ன ரன்வேயா? நாங்க கீழ இறங்கினா நீ கேப்டன். அதை விட்டுட்டு ஊருக்கு விதி சொல்ற!"

நாடாவுக்குள்ளிருந்து கைதட்டல் கிளம்பியது. சின்னவன் காது சிவந்துவிட்டது. தலைவர் மேஜையைத் தட்டினார். ஓய்வு பெறப் போகிற மனிதர், எப்படியாவது பிரச்சினையைப் பூசி மெழுகிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும் அவருக்கு.

"ஒருத்தர் ஒத்துக்கிட்டாங்கன்றார், ஒருத்தர் இல்லைன்றீங்க. அந்தப் பேச்சை வேற யாராவது கேட்டாங்களா?"

"எங்க அண்ணன் பக்கத்துலதான் இருந்தார்" என்றான் சின்னவன் சட்டென்று. "அவங்களோட கணவர். அவரையே கேட்டுடலாம்."

அதைக் கேட்டுத் தலைவர் தலையாட்டுவதற்குள் அவன் அண்ணனுக்குப் போனைத் தட்டி மைக்கில் வைத்துவிட்டான். மண்டபம் முழுக்க மணி அடித்தது. "சொல்லுடா" என்று வாத்தியாரின் குரல் நாலு மூலையிலிருந்தும் கேட்டது.

"சார், நான் விமானிகள் சங்கத் தலைவர் பேசறேன். புதன்கிழமை உங்க மனைவி போன்ல பேசினப்ப..."

கேப்டனுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. விமானத்தில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இறங்கிய பிறகுதான் திறக்கிற மனுஷன் அவர். அவருக்கு இங்கே சாட்சி சொல்ல உரிமை உண்டு. அவருடைய வார்த்தை செல்லும். தன் வாயால் "நான் ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டு முன்னால் நிற்கிறவளின் வார்த்தை செல்லாது. இதை விடக் கேவலம் உண்டா? அவள் மேடையேறி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஏங்க, போனை வைங்க."

"கேப்டன்? என்ன ஆச்சு?"

"வைங்கன்னா வைங்க!"

அவர் வைத்துவிட்டார். அவள் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒத்துக்கிட்டேனா இல்லையான்னு நானே இங்க நின்னு சொல்லிட்டிருக்கேன். அதுக்கு என் புருஷன் வந்து ஆமாம் போடணுமா? இந்த மேடையில எந்த ஆம்பளையையாவது, உங்க வீட்டுல கேட்டுட்டு நம்பறோம்னு சொல்லியிருக்கீங்களா? நான் ஒத்துக்கல. இப்பவும் ஒத்துக்கல. எழுதிக்குங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க ஆட்சேபணையைப் பதிவு பண்ணிக்கறோம்" என்றார். "தீர்மானத்தை ஓட்டுக்கு விடறேன். பச்சை அட்டை மட்டும் கை தூக்கலாம்."

கைகள் எழுந்தன. எல்லாக் கைகளும் இல்லை. முன்வரிசையில் நரைத்த தலைமுடியுடன் ஒரு மூத்த பெண் கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இன்னும் பலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த்துக் கை தூக்குகிறவர்கள் யார் என்று தலைவர் கேட்டபோது அந்தப் பெண் கேப்டன் மட்டும் தூக்கினார். தரையைப் பார்த்தவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நமக்குக் கை இருக்கா இல்லையான்னு அவங்க கையைத் தூக்கி முடிவு பண்றாங்க, பாருங்கக்கா" என்றான் தாடி.

தீர்மானம் நிறைவேறியது. பட்டியல் மீதான ஓட்டெடுப்பு அடுத்த ஞாயிறு. அதில் நாடாவுக்குள் இருந்தவர்களுக்கு வேடிக்கை பார்க்கிற வேலைதான்.

வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் தாடி அவள் கூடவே வந்தான். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் திணித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. உங்க வீட்டுக்காரரைப் பேச விட்டிருக்கலாம். இருந்ததை இருந்தபடி சொல்லியிருப்பார். தீர்மானம் அங்கயே செத்திருக்கும்."

சரிதானே? தன் மானம் பெரிது என்று மைக்கைப் பிடுங்கிவிட்டாள். அதற்கு விலை கொடுக்கப் போகிறவர்கள் அத்தனை பேரும். வீடு வரும் வரை காரில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள். சிக்னலில் முன்னால் நின்ற வண்டிக்காரனையும் சேர்த்துத் திட்டினாள், அவன் பாவம், ஒன்றும் செய்யவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தாள். வாத்தியார் கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் என்னைப் பேச விடல?"

"என் தப்புதாங்க" என்றாள். செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் நாற்காலியில் விழுந்தாள். "கோவத்துல அறிவு போச்சு. உங்களைப் பேச விட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்."

அவர் மூக்குக் கண்ணாடியை மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"என்னங்க?"

"நேத்து ராத்திரி நீ தூங்கின பிறகு அவன் கீழ வந்தான்."

"வந்து?"

"ஒருவேளை கூப்பிட்டுக் கேட்டா, 'சரியா ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லுண்ணா'ன்னான். பொய் எதுவும் சொல்ல வேண்டாம்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

கேப்டன் அவரையே பார்த்தாள். இவ்வளவு நேரம் தன்னைத் திட்டிக்கொண்டு வந்தாளே, அந்தத் திட்டு எல்லாம் இப்போது அவர் பக்கம் திரும்பியது.

"நிஜமாவே ஞாபகம் இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. நீ ஒத்துக்கல. போனை வெச்சதும் 'என்ன அக்கிரமம் பாருங்க'ன்னு என்கிட்டயே சொன்ன."

"அது தெரிஞ்சும்..."

"அவன் என் தம்பி. நீ என் பெண்டாட்டி. நான் யார் பக்கமும் பேசாம இருக்கலாம்னு பார்த்தேன். அது தப்பா?"

"மண்டபத்துலயும் நிறைய பேர் அப்படித்தாங்க தரையைப் பார்த்துட்டு உக்காந்திருந்தாங்க. எல்லாம் ரொம்ப நல்லவங்க. அவங்க புண்ணியத்துலதான் தீர்மானம் நிறைவேறுச்சு!"

அழைப்பு மணி அடித்தது. "அண்ணா, கதவைத் திற" என்றான் சின்னவன் வெளியிலிருந்து. வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் திற என்றும் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. அவர் போய்த் திறந்தார்.

சின்னவன் உள்ளே வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தான். முகத்தில் கொஞ்சம் அசட்டுத்தனம் இருந்தது. "அண்ணி, மேடையில நடந்ததை மேடையோட விட்டுடுங்க. சங்கம்னா நாலும் இருக்கும். வீட்டுக்குள்ள நாம எல்லாரும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்" என்றாள் கேப்டன். குரலை உயர்த்தவே இல்லை. "நீ இந்தக் குடும்பத்து ஆள்தான், அதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்த வீட்டை வாங்கினது நான், என் பேர்ல இருக்கு. அடுத்த ஞாயிறு நீ அந்த மேடையில ஏறறதுக்கு முன்னாடி மாடியைக் காலி பண்ணிடு."

"என்னண்ணி, விளையாடறீங்களா?"

"நான் விளையாடினா சிரிப்பேன். சிரிக்கறேனா பாரு."

அவன் அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணா, நீயே சொல்லேண்ணா. ஒரு கூட்டத்துல நடந்ததுக்கு வீட்டை விட்டுப் போன்னா என்ன நியாயம்? எங்களை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேக்க வேண்டாம்" என்றாள் அவள். "உங்க சங்கத்துல வெளியிலேருந்து வந்தவங்களைக் கேட்டா முடிவு பண்றீங்க?"

வாத்தியார் எழுந்து தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். நாள் முழுக்க யார் பக்கமும் பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்த மனுஷனுக்கு இப்போது குரல் கணீரென்று வந்தது.

"அவன் போனா நானும் போவேன் கேப்டன். யோசிச்சுப் பேசு."

கேப்டன் எழுந்தாள். அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரிய பெட்டி அலமாரி மேல இருக்கு. உங்களுக்குக் கை எட்டலன்னா தம்பியை எடுத்துத் தரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மறுநாள் காலை அவளுக்கு விமானம் இருந்தது, தூங்கியாக வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, கூடத்தில் யாரோ ஒரு நாற்காலியை இழுத்து அலமாரிக்குப் பக்கத்தில் போடுகிற சத்தம் கேட்டது.